பன்னிரண்டரை

வியாழக்கிழமை அளக்கும் நாள்.
அத்ரேயில் காற்று எழும்புமுன்
கூடாரத்தின் வாசல் துணியைச் சுருட்டிக் கட்டிவிடுவேன்.
பெண்கள் அதற்கும் முன்னால் வந்திருப்பார்கள்.
தங்களுக்குப் பதிலாக ஒரு கல்லையோ
ஒற்றைச் செருப்பையோ வரிசையில் வைத்துவிட்டு
நிழலுக்கு ஒதுங்கியிருப்பார்கள்.
செருப்புகள் பொறுமையானவை.

என்னிடம் இருப்பது ஒரு நாடா.
சிவப்பு, மஞ்சள், பச்சை.
குழந்தையின் இடக்கை,
தோளுக்கும் முழங்கைக்கும் நட்டநடுவே
சுற்றி, துளையில் நுழைத்து, இழுத்து
அம்பு நிற்கும் சென்டிமீட்டரை எழுத வேண்டும்.
இதற்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள்.
முதல் நாள் முழுதும் ஒரே வாக்கியம்:
இறுக்காதே, தளர்த்தாதே.

சிவப்பென்றால்
வாரத்துக்குப் பதினான்கு பொட்டலம் வேர்க்கடலைப் பசை.
பன்னிரண்டரையைத் தொட்டால் பச்சை;
பெயரை அடித்துவிட்டுக் கைதட்டுவோம்.
உண்மையாகவே தட்டுவோம்,
அது பயிற்சியில் இரண்டாம் நாள்.

கல்தூமாவின் மகன் அர்பாப்
ஜெனினாவிலிருந்து வந்தபோது பத்தரை.
என் கட்டைவிரலும் சுட்டுவிரலும்
அவன் கையைச் சுற்றி எளிதாகச் சந்தித்துக்கொண்டன.
அழவில்லை.
அழுவதற்கும் உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும்.

பதினொன்று.
பதினொன்றே முக்கால்.
பன்னிரண்டேகால் என்று நான் உரக்கச் சொன்ன வாரம்
அவள் குனிந்து காதருகே சொன்னாள்:
"அஷ்த்தா, அடுத்த தடவை நாடாவைக் கொஞ்சம் இறுக்கு."

பொட்டலங்களை அவள் நான்காகப் பிரிக்கிறாள்.
அர்பாபுக்கு, ஹவாயாவுக்கு, தோமாவுக்கு,
தம்பி மகளுக்கு.
அந்தப் பெண் எல்லை கடந்த இரவிலிருந்து பேசுவதில்லை,
கரண்டியை நக்கித் துடைத்ததுபோல் திருப்பித் தருவாள்.
சோளம் ஏற்றிய லாரிகள்
வெள்ளம் வடியாத மணலாற்றின் அக்கரையில்
பதினெட்டு நாளாக நிற்கின்றன.

"மஞ்சளிலேயே இருக்கட்டும்" என்றாள்,
பிள்ளைக்கு நீண்ட ஆயுள் கேட்கும் குரலில்.

அடுத்த வியாழன் பன்னிரண்டு புள்ளி ஆறு.
அவள் என்னைப் பார்க்கவில்லை, நாடாவைப் பார்த்தாள்.
என் கட்டைவிரல்
என்னைக் கேட்காமல்
இரண்டு நூல் உள்ளே இழுத்தது.
பன்னிரண்டு புள்ளி நான்கு.
மை காயும்வரை நான் தலைநிமிரவில்லை.

அதற்கடுத்த வியாழனும் புள்ளி நான்கு.
ன்ஜமேனாவிலிருந்து வந்த மேற்பார்வையாளர்
பதிவேட்டைப் புரட்டிக் கேட்டார்:
இந்தப் பையன் மட்டும் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்?
மலேரியா என்றேன்.

மூன்றாம் வியாழன்
அர்பாப் இடுப்பிலிருந்து இறங்கி நடந்து வந்தான்.
நாடாவை இறுக்கினேன்.
கூடாரம் கிழிய ஒரு கத்தல்.
இன்னும் இறுக்கினேன்.
என் விரலைக் கடித்துவிட்டு,
நாடா கையிலேயே தொங்க,
வரிசையின் செருப்புகளை எத்திக்கொண்டு ஓடினான்.
நான்கு பல், நல்ல ஆழம்.
காத்திருந்த பெண்கள் கைதட்டினார்கள்,
எவரும் பயிற்சி தராத கைதட்டல்.
கல்தூமாவும் தட்டினாள், இரண்டே தட்டு.
பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்பு நின்ற இடத்தை அதற்குள் பார்த்திருந்தேன்.
அத்தனை இறுக்கியும் பன்னிரண்டு புள்ளி ஒன்பது.
எழுதினேன். அட்டையைத் திரும்ப வாங்கினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை.
முக்காட்டைத் தோளுக்கு ஒதுக்கித்
தன் இடக்கையை மேசைமேல் நீட்டினாள்.
"இதையும் பார்."

இது குழந்தைகளுடையது என்று சொல்ல வாயெடுத்தேன்.
பெட்டியிலிருந்து புதிய நாடாவை எடுத்தேன்.
சுற்றினேன்.
சுற்றியபிறகும் மிச்சம் இருந்தது.

இறுக்கவில்லை, தளர்த்தவில்லை.
பதினெட்டு.
நாடாவுக்குத் தெரிந்தவரை
பச்சை.

வெளியே யாரோ
தன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.